மண்டபம் முகாம்

‘குவாரன்டைன்’ என்ற சொல், நாற்பது எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்தது. கொள்ளைநோய்க் காலங்களில் வெனிசு நகரை நாடி வந்த கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தினர். தவக்காலத்தை அறிந்த நமக்கு அவ்வெண் புதிதன்று. ஆயினும் அவ்வணிகர் காத்திருந்தது தவத்திற்காக அன்று. வாணிபம் அறுந்து போகாதிருக்கவே.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியபோது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே அதே சிக்கல் எழுந்தது. இலங்கையின் தேயிலையைப் பறித்த கைகளும், அக்கைகள் உண்ட அரிசியும், பெரும்பாலும் அன்றைய இந்தியாவிலிருந்தே சென்றன. கதவை அடைத்தால் தோட்டங்கள் நின்றுவிடும். ஆகவே இலங்கை அரசு கதவை அடைக்கவில்லை, குறுக்கியது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குத் தொழிலாளர் நடந்து சென்ற வடபாதை அந்நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது. தூத்துக்குடி வழியாகக் கொழும்பு சேர்ந்தோர் இராகமை முகாமில் வைக்கப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வழியும் திறந்த காலத்தில், காவல் இக்கரைக்கே வந்துவிட்டது. இந்திய மண்ணில், மண்டபத்தில், இலங்கை அரசே நடத்திய முகாம் அது!

அக்காலச் சேலம் மாவட்டம், திருச்சியைப் போலவே, தோட்டங்களுக்கு மிகுதியாக ஆளனுப்பிய மாவட்டம். நம் அரூரும் அப்போது அதில் அடங்கியதே. மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணியின் முன்பணத்தை வாங்கிப் புறப்பட்டவன், தோட்டத்தில் கால் வைக்குமுன்னரே கடனாளி. முகாமில் அவன் உடலைச் சோதித்தனர், உடையைப் புகையிட்டனர், சில நாள் அடைத்து வைத்தனர். நோய்த்தடுப்பு வேண்டியதே, அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இரு நாட்டு வாணிபமும் தடையின்றி நடக்க, காத்திருப்பின் சுமையை நாட்கூலிக்காரனே சுமந்தான்.

வியப்பு வேறொன்று. எலித் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதைச் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் கண்டறிந்திருந்தார். எலியோ தானிய மூட்டைகளோடு பயணம் செய்வது. மனிதரை இத்தனை கவனமாகச் சோதித்தும், 1914-இல் பிளேக் இலங்கைக்குள் நுழைந்தது. அது முதலில் தலைகாட்டிய இடம் மலைத்தோட்டமன்று, துறைமுக நகரான கொழும்பு.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பல்லாயிரவர் தாயகம் அனுப்பப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை, முதலில் தங்க வைத்த இடமும் மண்டபம் முகாமே.