மட்டாஞ்சேரிக் குடம்புளியும் மாத்திரையும்

மட்டாஞ்சேரி பஜார் மளிகைக் கடைகளில் கறுத்துச் சுருண்ட குடம்புளியைச் சாக்கில் வைத்திருப்பார்கள். கேரளத்தார் அதை மீன் கறியில் போடுவதாலோ என்னவோ, ரஸத்துக்கும் குழம்புக்கும் நமக்கு வாளன்புளிதான். ஆனால் இதே குடம்புளியின் சத்து, உடல் இளைக்கும் மாத்திரையாக நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. அங்கத்தினர் சிலர் என்னிடம் விசாரித்ததால் அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த வான் ரீட், மலபார் மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய கிரந்தம் தயாரித்தார். ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராம்மண வைத்தியர்களும் அதற்கு விவரம் தந்தனர். மூவரும் 1675-இல் கொங்கணியில் எழுதிக் கொடுத்த சான்று நூலிலேயே இருக்கிறது. முதல் தொகுதியில் குடம்புளியும் படத்துடன் உண்டு.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1965-இல், மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் இதிலுள்ள முக்கிய அமிலம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று கண்டனர். அமெரிக்காவில் 1969-இல் அதன் வேலை தெரியவந்தது. சாதம், சர்க்கரை அதிகமானால் மிஞ்சியதன் ஒரு பங்கைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும். அதற்கு சிட்ரேட்டைப் பிளக்கும் ஒரு என்ஸைம் தேவை. சிட்ரேட்டின் சாயலில் இருக்கும் இந்தப் புளி அமிலம் அந்த என்ஸைமைத் தடுத்துவிடுகிறது. எலிகளிடம் இது பலித்தது. வியாபாரிகள் விடுவார்களா?

1998-இல் நியூயார்க்கில் 135 பேரைக் கொண்டு 12 வாரம் பரீட்சை நடந்தது. எல்லோருக்கும் கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த ஆகாரம். ஒரு சாராருக்குத் தினம் 1500 மில்லிகிராம் புளி அமிலம், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. புளி அமிலம் சாப்பிட்டவர்கள் சராசரி 3.2 கிலோவும், வெறும் மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோவும் குறைந்தனர்! இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரு சாராரும் இளைத்தது ஆகாரத்தால்தான்.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை? சாதாரணமாகச் சாப்பிடும் மனித தேகம் மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பு உண்டாக்குவது சொற்பம். பெரும்பகுதி நாம் நேரே உண்ணும் நெய், எண்ணெய், வறுவல் வழியாக வந்து சேருவது. சிறிய வாசலை அடைத்துவிட்டுப் பெரிய வாசலைத் திறந்து வைத்தால் என்ன பிரயோஜனம்? போஜனத்துக்குப் பின் அரை மணி நேரம் நடந்தால், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகள் இழுத்துச் செலவழிக்கின்றன. இதற்குப் பணம் செலவில்லை. ஆகவே விளம்பரமும் இல்லை.

மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகப் பிற்பாடு வைத்தியப் பத்திரிகைகளில் செய்திகள் வந்துள்ளன. கறியில் போடும் இரண்டு துண்டு வேறு, சத்தைப் பிரித்துத் திரட்டிய மாத்திரை வேறு. ஏற்கெனவே இதைச் சாப்பிட்டு வருபவர்கள் தங்கள் டாக்டரிடம் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டட்டும்.