கையும் காலும் இடம் மாறிய கதை

முதல் வகுப்பிலேயே வண்டி மூன்று முறை நின்றுபோனது. நான்காவது முறை கிளப்பும்போது பயிற்சி தருகிற அங்கிள் சாலையைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கின் மேல் இருந்த நான்கு விரல்களும் எதையோ பிடித்து இழுப்பதுபோல மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

"தம்பி, பைக் ஓட்டுவியா?"

"எட்டு வருஷமா, அங்கிள்."

"அதான் பார்த்தேன். ஆள் காருக்குள்ள வந்துட்ட, கை இன்னும் வரலை."

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் நடந்தது புரிந்தது. பைக்கில் கிளட்ச் இடது கைக்கு, கியர் இடது காலுக்கு. காரில் கிளட்ச் இடது காலுக்கு, கியர் இடது கைக்கு. நம் ஊர் போல வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற எல்லா இடத்திலும் இதுதான் நிலை. ஒரே வேலைதான், கையும் காலும் இடம் மாறிக்கொண்டுவிட்டன. வலது பக்கம் இன்னும் மோசம். பைக்கில் வேகம் கூட்டுவதும் முன் பிரேக் பிடிப்பதும் வலது கை. வலது காலுக்கு ஒரே ஒரு வேலை, பின் பிரேக். எட்டு வருடமாக என் வலது காலுக்குத் தெரிந்ததெல்லாம் "மிதித்தால் நிற்கும்" என்பதுதான். காரில் அதே கால் மிதிக்கும் இரண்டு பெடலில் ஒன்று மிதித்தால் நிற்காது, பாயும். புதிதாகப் படிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு வசதி. எனக்குத் தப்பான இடத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் யார் போட்டது என்று தேடினேன். உலகமே முதலில் இரண்டு சக்கரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் நான்கு சக்கரத்துக்குப் போனது என்று சொல்லலாம்போல இருக்கிறது. ஜெர்மனியில் கோட்லீப் டெய்ம்லர் தன் பெட்ரோல் எஞ்சினை 1885-இல் பொருத்திப் பார்த்தது மரச்சட்டம் போட்ட ஒரு இருசக்கர வண்டியில். விழாமல் இருக்கப் பக்கவாட்டில் இரண்டு குட்டிச் சக்கரங்கள். அடுத்த வருடம்தான் தன் எஞ்சினைக் குதிரை வண்டி ஒன்றில் ஏற்றினார். அதே 1886-இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போதெல்லாம் எந்தக் காலுக்கு எந்த வேலை என்று ஒரு ஒழுங்கும் கிடையாது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் மூன்று பெடல்கள் இருந்தன, மூன்றில் ஒன்றுகூட வேகம் கூட்டுவதற்கில்லை. அதற்கு ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய ஒரு சின்ன நெம்புகோல். நடு பெடலை மிதித்தால் வண்டி பின்னால் போகும். இன்று நாம் பழகுகிற கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் வரிசை 1916-இல் ஒரு காடிலாக் மாடலிலும், 1922-இல் வந்த சின்ன ஆஸ்டின் செவனிலும் அமைந்து, பிறகு மற்றவர்கள் பின்பற்றப் பரவியது. இயற்கையானது என்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு தலைமுறை ஓட்டுநரும் முந்தின வண்டியை உடம்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததில் ஏறியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அப்படி முதலில் இறக்கி வைத்தவர்கள் குதிரைக்காரர்கள்.

இங்கே முதல் கார் வந்தது 1896-இல். சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்ற ஆங்கிலேயருடைய பென்ஸ் வண்டி அது. போட்ட சத்தத்தில் ஊர் அதற்குக் "காப்பி மெஷின்" என்று பெயர் வைத்தது. அப்போது நகரம் குதிரைகளாலும் மாடுகளாலும் ஆட்களாலும் இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. குதிரைகளின் தலைமையகம் இன்றைய லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஃபேரர் பார்க் திடல் அன்று பந்தயத் திடல். 1843 முதல் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது, 1933-இல்தான் புக்கித் தீமாவுக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை நாம் பிரியாணிக்கு இடம் தேடுகிற ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர் அதனால் வந்தது.

குதிரையைப் பார்த்துக்கொள்கிறவரை மலாயில் "சாயிஸ்" என்பார்கள். அரபியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த சொல். ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியான் தீவிலிருந்து வந்த போயான் மக்கள் இந்த வேலைக்குப் பேர்போனவர்கள். அவர்களுடைய கம்பங்கள் ரோச்சோர் ஆற்றை ஒட்டி, நம் ஆட்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று சொன்ன கம்போங் கப்போர் பக்கத்தில் இருந்தன. கார் வந்ததும் முதலாளிகள் குதிரையை விற்றார்கள், சாயிஸை வைத்துக்கொண்டார்கள். லகானைப் பிடித்தவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். சொல்லும் அவரோடு சேர்ந்து வண்டி மாறியது. மலாயாவில் குதிரை போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் கார் ஓட்டுநருக்குப் பெயர் சாயிஸ்தான்.

இந்தப் பெயர் மாறாததை முதலில் நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு உறைத்தது. மாறாமல் இருந்தது சொல் மட்டும் இல்லை, உறவும்தான். குதிரையும் அவருடையதில்லை, காரும் அவருடையதில்லை. 1900-களின் முதல் பத்தாண்டில் திருமதி டேர் என்ற ஆங்கிலப் பெண்மணி சிங்கப்பூரில் கார் ஓட்டிய முதல் பெண் என்று பெயர் எடுத்தார். அவருடைய ஸ்டார் காரின் பதிவெண் எஸ்-1. தன்னிடம் வேலை செய்த மலாய்க்காரருக்கும் அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்வார்கள். கற்றுக்கொண்டவரின் கையில் வித்தை வந்தது. சாவி மாலையில் வீட்டுக்குள் போய்விடும்.

நம்மவர்கள் அப்போது மாட்டு வண்டியில் இருந்தார்கள். தேக்கா சந்தை இருக்கும் பகுதிக்கு மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை எல்லாம் அந்த மிச்சம். ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் இங்கே செழித்தது, அதைச் சுற்றித் தமிழர்கள் குடியேறினார்கள். சாமான் ஏற்றிய மாட்டு வண்டிகளை ஓட்டியவர்களில் நிறையப் பேர் தென்னிந்தியர்கள். பிறகு அதே ஆட்களும் அவர்கள் பிள்ளைகளும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனார்கள். வண்டிதான் மாறிக்கொண்டே வந்தது.

பைக்கிலிருந்து நான்கு சக்கரத்துக்குப் போன தமிழன் என்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரு பெயர் உடனே ஞாபகம் வரும், ஜி.டி. நாயுடு. கோயம்புத்தூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்துக்காரர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாகப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினார். 1920-இல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் பின்னாளில் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. நமக்குப் பிடித்த கதை இது. முதல் படி பைக், அடுத்த படி பஸ், அதற்கடுத்து முதலாளி. ஓட்டத் தெரிந்தவன் ஒருநாள் சொந்தக்காரன் ஆவான் என்று அந்தக் கதை சொல்கிறது.

சிங்கப்பூரில் அந்தப் படிக்கட்டு வேறு மாதிரி கட்டப்பட்டது. இடம் குறைவு, நெரிசல் அதிகம் என்பதால் காரை விலையால் கட்டுப்படுத்துவது என்று அரசு முடிவெடுத்தது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலை நேரத்தில் காரோடு நுழைய நாளுக்கு 3 வெள்ளி என்று ஆரம்பித்தார்கள். காரில் நான்கு பேர் இருந்தால் இலவசம். மோட்டார் சைக்கிளுக்கும் இலவசம். 1989-இல் அந்த இரண்டு சலுகையும் போயின. 1990 மே மாதம் சிஓஇ வந்தது. வண்டி வாங்குவதற்கு முன்னால், பத்து வருடம் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2008 நவம்பரில் சின்னக் கார்களுக்கான அந்தச் சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். 2023 அக்டோபரில் அதே பிரிவு 1,06,000 வெள்ளி. பெரிய கார்களுக்கு 1,50,001. கார் அந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை, இது வெறும் காகிதத்தின் விலை.

இதில் பைக் மட்டும் ஓரமாகத் தப்பித்திருந்தது. என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் டெஸ்பேட்ச் ரைடர். ஆபீஸ் ஆபீஸாகக் கவர் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவருடைய லைசன்ஸில் கிளாஸ் 2-ம் இருக்கிறது, கிளாஸ் 3-ம் இருக்கிறது. கார் டெஸ்ட் இளவயதிலேயே பாஸ் செய்துவிட்டார். சொந்தமாக ஒரு கார் வாங்கியதே இல்லை. இப்படி லைசன்ஸில் மட்டும் கார் வைத்திருக்கிற அப்பாக்கள் வீவக புளோக்குக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் கையில் சொந்தமாக இருந்த ஒரே எஞ்சின் பைக்தான். அதற்கும் ஒரு விலை கொடுத்தார்கள். இங்கே ஓடும் வண்டிகளில் ஏழில் ஒன்றுதான் மோட்டார் சைக்கிள், ஆனால் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிப்பேர் அல்லது அதற்கும் மேல் அதில் போகிறவர்கள். மழை நாளில் அப்பா வீட்டுக்கு வர அரை மணி நேரம் தாமதமானால் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார், லிஃப்ட் சத்தம் கேட்பதற்காக.

அந்த ஓரமும் இப்போது இல்லை. 2022-இல் மோட்டார் சைக்கிள் சிஓஇ 13,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியை விடச் சான்றிதழ் விலை அதிகம். என் பைக்கின் பத்து வருடம் அடுத்த வருடம் முடிகிறது. புதுப்பிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் வெள்ளி எடுத்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் வேலையிடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கிளாஸ் 3 எடுத்தால் கம்பெனி வேன் ஓட்டலாம், சம்பளம் கூடும். நான் கார் படிக்கப் போனதற்குக் காரணம் இதுதான். கார் வாங்கப் போகிறேன் என்று நினைத்து வாழ்த்துச் சொன்ன நண்பர்களை நான் திருத்தவில்லை.

தனியார் பயிற்றுநர்களுக்குப் புது உரிமம் தருவதை 1987-லேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்னும் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். அங்கிளும் அப்படி ஒருவர். அவருடைய பாடம் முழுக்க ஒரே விஷயம்தான், அகலம். பைக்கில் நான் சாலையில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்துப் போகிறேன். எண்ணெய் சிந்தியிருந்தால் ஒதுங்குவேன், இரும்பு மூடி இருந்தால் ஒதுங்குவேன். காரில் கோடு கிடையாது, லேன் முழுக்க நான்தான். கிராங்க் கோர்ஸ் என்று செங்கோணமாக வளையும் பாதை பைக் டெஸ்டிலும் உண்டு, கார் டெஸ்டிலும் உண்டு. பைக்கில் அது உடம்பைச் சமன் செய்கிற சோதனை. காரில் என் கண்ணுக்குத் தெரியாத பின் சக்கரம் எங்கே போகும் என்று யோசிக்கிற சோதனை. "பின்னாடி ஒருத்தன் உன்னை நம்பி வர்றான்னு நினைச்சுக்க தம்பி, அவனுக்கும் சேர்த்துத் திருப்பு" என்பார். 18 புள்ளிக்கு மேல் கழிந்தால் தோல்வி. முதல் முறை தோற்றேன். சரிவில் நிறுத்திக் கிளப்பும்போது பின்னால் உருண்டுவிட்டது. இரண்டாவது முறை தேறினேன்.

இந்தக் கை கால் குழப்பமே இன்னும் கொஞ்ச காலம்தான். இப்போது பலர் ஆட்டோ வண்டிக்கான 3ஏ எடுக்கிறார்கள். 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது அரசின் திட்டம். மின்சாரக் காரில் கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. அடுத்த தலைமுறை எதை உடம்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டியிருக்குமோ தெரியவில்லை. ஒருவேளை ஓட்டுவதையேகூட இருக்கலாம்.

பாஸான அடுத்த மாதம் கம்பெனி வேனில் அப்பாவை ஏற்றிக்கொண்டு சிராங்கூன் சாலையில் போனேன். முன்னும் பின்னும் மஞ்சளில் ஆரஞ்சு முக்கோணம் போட்ட புதியவர் அட்டை. ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா சிக்னலில் கூட்டம் சாலைக்கு வழிந்துகொண்டிருந்தது. இடது பக்கக் கண்ணாடியில் ஒரு பைக் நெருங்கி வந்தது. என் இடது கை விரல்கள் தானாக ஒருமுறை மடங்கின. பக்கத்தில் அப்பாவின் வலது கால் தரையை மிதித்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம், சிரித்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டைத் தடவியபடி கேட்டார்.

"ராத்திரி வண்டியை எங்க விடணும்?"

"கம்பெனியிலப்பா. சாவியும் அங்கதான்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். லாவண்டர் ஸ்திரீட் வந்த பிறகுதான் பேசினார்.

"அந்த பைக்கை வித்துடாதடா. சிஓஇ-க்கு நான் பாதி போடுறேன்."