மூவலூரும் எல்லைக்கோடும்

காரைக்காலுக்கு வடமேற்கே, மயிலாடுதுறையை ஒட்டிய சிற்றூர் மூவலூர். தேவதாசிக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்ட இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) அவ்வழக்கத்தையே வேரறுக்க ஊர்தோறும் மேடையேறினார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலும் எழுதினார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1908-இல் சங்கம் அமைத்த கறுப்பினப் பெண்மணி லுஜீனியா பர்ன்ஸ் ஹோப்பை இங்கு நினைக்கிறோம். அவரும் தம் மக்களின் தெருக்களில் நடந்தே பள்ளியும் துப்புரவும் கேட்டவர்.

சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய வாதம் 1947-இல் சென்னை மாகாணச் சட்டமாயிற்று. ஆனால் அச்சட்டம் நம் எல்லையோடு நின்றது! 1954 நவம்பர் வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமன்றோ? ஒரே காவிரி நீர் பாயும் வயல்களுக்கிடையே, ஒரு பெண்ணுக்குரிய காப்பு அவள் பிறந்த ஊரைப் பொறுத்திருந்தது.

1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்திற்குத் தமிழக அரசு அம்மையார் பெயரைச் சூட்டியது. 2022-இல் அது மாணவியரின் உயர்கல்வி உதவியாக மாறியது.