குறியைத் தொடர்ந்த கூட்டம்

ஒரே தொழிலைச் செய்வோர் தேசாந்தரங்களில் சிதறிக் கிடந்தாலும் ஒருவர் பேச்சை மற்றவர் பின்தொடரும் மார்க்கம், 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர், ஐ.ஆர்.சி. அரட்டை அறைகளில் முன்பே வழங்கிவந்த ஹேஷ் குறியைச் சொல்லுக்கு முன் இடலாமே என்று யோசனை சொன்னதிலிருந்து ட்விட்டரில் திறந்தது. கம்பெனியார் முதலில் அதில் சிரத்தை காட்டவில்லை. ஆயினும் 2008 ஜூலையில் சம்மைஸ் என்ற தேடுகருவியை அவர்களே விலைக்கு வாங்கிக்கொண்டபின், குறியிட்ட சொல்லைத் தேடினால், அறிமுகமே இல்லாதவர் எழுதியதும் ஒரு க்ஷணத்தில் திரண்டு வந்தது. இந்த வசதியைப் பூரணமாக அனுபவித்தவர்கள் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களே என்பேன்: 2009-இல் தொடங்கிய ‘எட்சாட்’ என்னும் குறியின்கீழ், செவ்வாய்க்கிழமைதோறும் கூடி, வீட்டுப்பாடம் அவசியமா, பரீட்சை எதற்கு என்றெல்லாம் தர்க்கித்தார்கள், தலைமையாசிரியரின் அனுமதி அதற்கு வேண்டியிருக்கவில்லை.