சாதிலிங்கத்தில் லிங்கம் எங்கே?

"லிங்க வடிவில் கிடைக்கும் கல், அதனால் சாதிலிங்கம்." ஓவியர் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர் அடித்துச் சொன்னார்; அவையும் தலையாட்டியது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

களவழி நாற்பதில் பொய்கையார், மைக்குன்று போன்ற யானைகள் குருதி தோய்ந்து இங்குலிகக் குன்றாய்த் தோன்றுவதைப் பாடுகிறார். அந்தச் சிவப்பு இங்குலிகமே சாதிலிங்கம். வடமொழி ஹிங்குலம் ஹகரம் உதிர்ந்து இங்குலமாகி, 'சாதி' முன்னே சேர்ந்ததும், தசை சதையானதுபோல் எழுத்து இடம் மாறி லிங்கமாயிற்று. சித்த மருத்துவர்கள் 'லிங்கச் செந்தூரம்' என்று சுருக்கியபின் மயக்கம் முற்றிற்று. தெய்யக்காரர் முகத்தில் எழுதும் சிவப்பை மலையாளத்தார் சாயில்யம் என்பர். அதில் லிங்கத்தைக் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

இனி 'சாதி'. சாதிக்காயையும் சாதிமல்லியையும் இங்கே இழுக்க வேண்டா. அங்கே அது செடியின் பெயர். சாதிமுத்து, சாதிக்குதிரை என்கிறோமே, அந்தச் சாதி இது: கலப்பற்றது.

வண்ணத்துக்கு ஏன் அந்த அடைமொழி? ரசமும் கந்தகமும் கூடிய சரக்கு இது. எடையில் சுமார் 86 விழுக்காடு ரசம். கலப்படத்துக்குக் கேட்பானேன்? 1400ஐ ஒட்டி எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, இதைக் கட்டியாகவே வாங்கச் சொல்கிறார்; தூளில் ஈயச்செந்தூரமோ செங்கற்பொடியோ கலந்திருக்குமாம்.

அசலா போலியா என்ற அதே கேள்விக்கு, வண்ணம் தயாரிக்கும் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தார் டியூபின்மேலேயே விடை அச்சிடுகிறார்கள். 'காட்மியம் ரெட் ஹ்யூ' என்றிருந்தால் உள்ளே காட்மியம் கிடையாது, அந்தச் சாயல் மட்டுமே. அவர்கள் மாற்றுச் சரக்குக்கு வால் ஒட்டினார்கள். நம்மவர் அசலுக்குத் தலை வைத்தார்கள்.

இங்குலிகத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் வெர்மிலியன் என்ற பெயரோ, சிறு புழுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாயப்பூச்சியின் பெயர் கல்லுக்கு ஏறிவிட்டது. புழுவும் இல்லாத, லிங்கமும் இல்லாத பொருளுக்கு இப்படி இரண்டு பெயர்கள்!

சாதிலிங்கம் கோயிலில் பிறந்த சொல் அன்று, வண்ணக்கடையில் பிறந்தது. இதுவே என் துணிபு.