கஸ்லாவ்ஸ்கஸ், யோனாஸ்

லித்துவேனிய நாட்டுக் கூடைப்பந்துப் பயிற்சியாளர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தம் தேசத்து ஆடவர் அணிக்கு வெண்கலப் பதக்கம் ஈட்டித் தந்த இவர், 2004-இல் ஏதன்ஸில் அமெரிக்கரான டெல் ஹாரிஸுக்குத் துணையாக இருந்து சீன தேசிய அணியின் சுபாவத்தை நன்கறிந்தபின், அவ்வணியின் தலைமைப் பொறுப்பைத் தாமே ஏற்று, அந்நாட்டு மண்ணிலேயே நிகழவிருந்த 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு அதனை ஆயத்தம் செய்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் சீன அணியின் நட்சத்திர ஆட்டக்காரரான யாவ் மிங்கின் இடது பாத எலும்பில் முறிவு கண்டு, பின்னர் சஸ்திர சிகிச்சை நேர்ந்தது பெரும் இடையூறு. ஆயினும், குணமடைந்து திரும்பிய அவரையே ஆதாரமாகக் கொண்ட சீனர், உலக சாம்பியனான ஸ்பெயினைக் கூடுதல் ஆட்டநேரம் வரை திணறடித்து 75–85 எனத் தோற்றனர். ஜெர்மனியை 59–55 என வென்று காலிறுதி புகுந்தனர். அங்கே எதிர்ப்பட்டது, விதியின் விநோதமென்றே சொல்லவேண்டும், லித்துவேனியா; 68–94 என்று சீனா வீழ்ந்தது.