பெண் உழைப்பும் கணக்குப் புத்தகமும்

கணக்கு பொய் சொல்லாது என்பது நம்மவர் பலருடைய நம்பிக்கை. சாஸ்திரத்தை நம்பாதவரும் புள்ளி விவரத்தை நம்பிவிடுகிறார். ஆனால் கணக்கு தானாகப் பிறப்பதன்று. அதை எழுத ஒரு கை வேண்டும். எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க ஒரு புத்தி வேண்டும். அந்தப் புத்தியில் எந்த வழக்கம் ஊறிக் கிடக்கிறதோ, அதுவே கணக்கிலும் இறங்கும். செமோர் வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக இருக்கும் நான், பிறர் எழுதிய கணக்கைக் குறை கூறுமுன் என் பேனாவையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டே இதை எழுதத் துணிகிறேன்.

மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பெண்கள் அறவே எண்ணப்படாதவர்கள் அல்லர். விடியுமுன் பெரட்டில் ஆணோடு நின்று பேர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்றவர்கள் அவர்கள். செக்ரோலில் அவர்கள் பெயர் இருந்தது. கூலி கொடுக்க வேண்டியிருந்தமையால் தோட்டம் அவர்களை எண்ணியே தீர வேண்டியிருந்தது. ஆனால் எண்ணிய விதந்தான் கவனிக்கத் தக்கது.

கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, இந்தியர் குடியேற்றக் கமிட்டி தமிழ்த் தொழிலாளருக்கு நிர்ணயக் கூலி விதிக்கும் அதிகாரம் பெற்றது. 1928-ஐ ஒட்டி அது வகுத்த கூலி, போக்குவரத்து எளிதான இடங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங் போன்ற எட்டாத இடங்களில் 58 காசும் 46 காசும். 1930-இல் ரப்பர் விலை சரிந்தது. கூலி 40-க்கும் 32-க்கும் இறங்கிற்று. 1936-இன் கடைசியில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை விசாரித்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50-ஐயும் 40-ஐயும் திருப்பித் தரச் சொன்னார். 1937-இல் அது கிடைத்தது. மறு ஆண்டே 45-க்கும் 36-க்கும் குறைக்க முற்பட்டபோது இந்திய சர்க்கார் வெகுண்டு, 1938 ஜூன் மாதத்தில் உதவி பெற்றுக் கப்பலேறும் முறையையே நிறுத்திவிட்டது.

வாசகர்கள் இந்த எண்களைச் சற்று வகுத்துப் பார்க்க வேண்டும். 50-க்கு 40, 40-க்கு 32, 45-க்கு 36. யாவும் ஐந்தில் நான்கு. 58-க்கு 46-ம், கொசுறு நீங்கலாக, அதுவே. கடலுக்கப்பால் இலங்கையில் 1929-இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த கூலியைப் பாருங்கள்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, குழந்தைக்கு 32. அங்கும் பெண் ஐந்தில் நான்கு. குழந்தை ஐந்தில் மூன்று. ரப்பர் விலை ஏறிற்று, இறங்கிற்று. சர்க்கார்கள் சண்டையிட்டன, சமாதானம் பேசின. இந்தப் பின்னம் மட்டும் அசையவில்லை. எந்த மரத்தை அளந்து இதைக் கண்டார்கள்? பெண் வெட்டிய மரம் ஐந்தில் ஒரு பங்குப் பாலை மறைத்து வைத்துக்கொண்டதா? உழைப்பை அளந்து கண்ட எண்ணாயின் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். எங்கும் ஒன்றாக நிற்பதனாலேயே இது அளவையன்று, வழக்கம் என்பது விளங்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாட்கூலியைப் 'பேர்' என்றே சொல்லுவர். அந்தப் பேச்சின்படி, பெண்ணுக்கு ஒரு முழுப் பேர்கூட வாய்க்கவில்லை. அங்கு ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதுவாவது குறைத்து எண்ணிய கதை. எண்ணாமலே விட்ட கதை வேறு. பெரட்டுக்கு முன் தண்ணீர் சுமந்தது, சோறாக்கியது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டது, மாலையில் லயத்துப் பின்புறம் கீரை போட்டது, மாடு கறந்தது, இவற்றுக்கு எந்தப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. பால் எடைக்குக் கூலி என்ற இடங்களில் இன்னொன்றும் நிகழும். புருஷன் வெட்டுவான், மனைவி கூடவே சென்று மங்கு துடைப்பாள், ஒட்டுப்பால் பொறுக்குவாள், பால் சேர்ப்பாள், தானும் பாதி மரம் வெட்டுவாள். எடை முழுதும் புருஷன் பெயரில் ஏறும்.

நான் முன்னர் வேலை பார்த்த தோட்டமொன்றில் அத்தகைய அம்மாள் ஒருவர் இருந்தார். கணவருக்கு ஐம்பத்தைந்து வயது நிரம்பிச் சேமநிதிப் பணம் வந்தது. அந்த அம்மாளும் ஆபீசுக்கு வந்து, "கிராணி ஐயா, எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார். "உங்கள் பேர் பதிவில் இல்லையே, அம்மா" என்றேன். "இத்தனை வருஷமாய் நிரையில் என்னைப் பார்த்தீர்களே, ஐயா" என்றார். ஆம், பார்த்தேன். பார்த்தும் எழுதவில்லை. சேமநிதிச் சட்டம் இந்நாட்டில் 1951-இலேயே வந்துவிட்டது. ஆயினும் பெயர் ஏறாதவருக்குச் சட்டம் என்ன செய்யும்?

இது ஒரு தோட்டத்துப் புத்தகத்தோடு நிற்பதாயின் ஆறுதலடையலாம். ஒரு தேசத்தின் கணக்கிலேயே கோடிக்கணக்கான பெண்கள் பத்தாண்டுக்குள் மறைந்ததுண்டு. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் உழைக்கும் பெண்கள் 5 கோடியே 94 லட்சம். 1971-இல் 3 கோடியே 13 லட்சம். பஞ்சமா, கொள்ளைநோயா? இரண்டுமில்லை, கேள்விதான் மாறிற்று. 1961-இல், பருவ வேலையாயின் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தவரெல்லாம் உழைப்பாளி. 1971-இல், "உன் முக்கிய வேலை யாது?" என்றார்கள். வயலில் நாற்று நட்டுக் களை பறித்தவளும் வீட்டில் அடுப்பு மூட்டுகிறவளாதலால், 'வீட்டு வேலை' என்று பதிலாயிற்று. பல வீடுகளில் அந்தப் பதிலைச் சொன்னவனும் அவளல்லன். திண்ணையில் இருந்த புருஷன். பிழை உணரப்பட்டு, 1981-இல் முழு உழைப்பாளர், குறு உழைப்பாளர் என இருவகை வகுத்தார்கள். 1991-இல்தான், வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்று கேள்வியிலேயே சேர்த்தார்கள்.

கிழக்கு நாட்டின் அறியாமை இது என்று எவரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1851-இல் குடியானவன் மனைவியையும் தொழிலுடையோர் வரிசையில் வைத்தனர். 1881-இல் அவளைத் தொழிலற்றோர் பக்கம் தள்ளினர். அவளோ பால் கறப்பதை நிறுத்தவில்லை. நிலத்தின் கணக்கும் இப்படித்தான். இந்திய விவசாயக் கணக்கெடுப்பில், சாகுபடியை நடத்துபவர் ஆணா பெண்ணா என்ற விவரம் சேர்ந்ததே 1995-96-இல். 2015-16-இல் நூற்றுக்குச் சுமார் 14 பேரே பெண்கள். பட்டா யார் பெயரிலோ அவனே விவசாயி என்று கொள்ளும் வரையில் வேறெந்த விடை வரும்?

கணக்கில் இல்லாதவளுக்குக் கூலியில்லை, கடனில்லை, சேமநிதியில்லை. 'சும்மா இருக்கிறவள்' என்ற பட்டம் மட்டும் உண்டு. பெண்ணடிமையைப் புராணத்தில் மட்டும் தேடுகிறவர்கள், அச்சடித்த படிவத்திலும் தேட வேண்டும்.

மலேசியாவில் 2005-க்குப் பின் 2024-இல்தான் விவசாயக் கணக்கெடுப்பு நடந்தது. அடுத்தது வரும்போது, அல்லது எந்தக் கணக்கெடுப்பாளர் வாசலில் வந்து நின்றாலும், தோழர்களே, நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பவரை அழையுங்கள். அவர் வேலையை அவர் வாயால் சொல்லட்டும். என்போன்ற கிராணிமாருக்கும் ஒரு சொல்: நிரையில் இருவரைக் கண்டால் புத்தகத்திலும் இருவரை எழுதுங்கள். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு வரி மை போதும்.